மூன்றாம் மாதத்துக் கணக்கு

பக்கிங்ஹாம் கால்வாய் மரக்காணத்தில் வந்து முடிகிறது. ஆந்திரத்தின் பெத்தகஞ்சாமில் தொடங்கி, கடலை ஒட்டியே சென்னை வழியாகச் சுமார் 420 கிலோமீட்டர் வந்து, கழுவெளி ஏரியும் உப்பளங்களும் சூழ்ந்த இந்த ஊரில் அது ஓய்கிறது. சென்னை நகருக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் எட்டு கிலோமீட்டர் துண்டு 1877-78இல் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. அதன் பிறகுதான் வடக்குக் கால்வாயும் தெற்குக் கால்வாயும் ஒரே நீர்வழி ஆயின. அப்போதைய ஆளுநர் பக்கிங்ஹாம் பிரபுவின் பெயரும் அதற்கு வந்தது. உப்பும் விறகும் ஏற்றிய படகுகள் நகரத்துக்குள் நுழைந்தது பட்டினி கிடந்தவர்கள் வெட்டிய தண்ணீரில். இன்று அதே நகரத்து மருத்துவமனைகளில் எடைக் குறைப்பு அறுவை செய்துகொள்பவர்கள், மூன்றாம் மாதம் தலை வாரும்போது சீப்பைப் பார்த்துக் கலங்கிப்போகிறார்கள். கொத்துக் கொத்தாக முடி வருகிறது. இதைப் புதிய காலத்துப் புதிய உபாதை என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. சாப்பாட்டை எடையால் மட்டும் அளந்த ஒரு பழைய பிழைதான் திரும்ப வந்திருக்கிறது. மரக்காணம் கடற்கரையின் வரலாற்றைக் கொஞ்சம் கூர்ந்து பார்த்தால் அந்தப் பிழை எங்கே நிகழ்ந்தது, அதை யார் அப்போதே சுட்டிக்காட்டினார், இன்று என்ன செய்யலாம் என்பதெல்லாம் விளங்கும்.

முதலில் தலையில் நடப்பதைப் பார்த்துவிடலாம். ஒருவர் தலையில் ஏறத்தாழ ஒரு லட்சம் முடி இருக்கும். அதில் நூற்றுக்கு எண்பத்தைந்து, தொண்ணூறு பங்கு எப்போதும் வளர்ந்துகொண்டிருக்கும். மீதி ஓய்வில் இருக்கும். ஓய்வுக்குப் போன முடி உடனே உதிர்வதில்லை. சுமார் மூன்று மாதம் தன் குழியிலேயே ஒட்டிக்கொண்டிருந்துவிட்டு, அடியில் புது முடி கிளம்பும் சமயத்தில் விழுகிறது. தினமும் நூறு முடி உதிர்வது இயல்பு என்று மருத்துவர்கள் சொல்வது இந்தக் கணக்கில்தான். உடலுக்குப் பெரிய அதிர்ச்சி ஒன்று வந்தால், அதாவது கடும் காய்ச்சல், பிரசவம், பெரிய அறுவை, திடீர்ப் பட்டினி என ஏதாவது நேர்ந்தால், வளர்ந்துகொண்டிருந்த முடிகளில் பெரும்பகுதி ஒரே சமயத்தில் ஓய்வுக்குப் போய்விடும். மூன்று மாதம் கழித்து அவையெல்லாம் ஒன்றாக விழும். அமெரிக்கத் தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மன் 1961இல் இதை விளக்கி, டெலோஜன் எஃப்ளூவியம் என்று பெயர் வைத்தார். தலையணையில் கிடக்கும் ஒரு முடியை எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். நுனியில் கடுகைவிடச் சிறிய வெள்ளைப் புள்ளி ஒன்று தெரியும். 'வேரோடு வந்துவிட்டதே' என்று எல்லோரும் பயப்படுவது அதைப் பார்த்துத்தான். அது வேர் அல்ல. ஓய்வுக்குப் போன முடியின் காய்ந்த முனை. வேர் தோலுக்குள் பத்திரமாக இருக்கிறது, அடுத்த முடியை வளர்க்கத் தொடங்கிவிட்டது.

உப்பளக் கரையில் முடி கொட்டுவதற்கு எல்லோரும் முதலில் சொல்லும் காரணம் தண்ணீர். உப்புத் தண்ணீர், உப்புக் காற்று, வெயில். இதில் பாதி உண்மை இருக்கிறது. வெயிலும் உப்பும் முடியை வறள வைக்கும், நிறம் வெளுக்கச் செய்யும், நடுவில் ஒடியச் செய்யும். ஆனால் ஒடிந்து விழுந்த முடியில் அந்த வெள்ளைப் புள்ளி இருக்காது. புள்ளியோடு விழுந்தது உள்ளிருந்து வந்த ஆணைக்குக் கீழ்ப்படிந்து விழுந்தது. அதற்குத் தண்ணீரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. நம் வீட்டுப் பெண்களுக்கு இந்த மூன்று மாதக் கணக்கு கிளிக்மனுக்கு வெகுகாலம் முன்பே தெரியும். 'பிள்ளை முகம் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தால் தாய்க்கு முடி கொட்டும்' என்பார்கள். குழந்தை முகம் பார்த்துச் சிரிப்பதும் பிரசவத்தில் ஓய்வுக்குப் போன முடி உதிரத் தொடங்குவதும் அருகருகே வருகின்றன. சிரிப்பு காரணமல்ல; ஆனாலும் காலம் சரியாகக் கவனிக்கப்பட்டிருக்கிறது. டைபாய்டு வந்து தேறியவருக்கு முடி கொட்டும் என்பதும் அதே கவனிப்புதான். காரணம் ஒரு நாளில், விளைவு மூன்று மாதம் கழித்து. இந்த இடைவெளிதான் இந்தக் கட்டுரைக்கு ஆணிவேர். இடைவெளி இருப்பதால்தான் பழி எப்போதும் தவறான இடத்தில் விழுகிறது.

தாது வருஷப் பஞ்சத்துக்கு வருவோம். 1876இல் மழை பொய்த்தது. 1877லும் நிலைமை தேறவில்லை. பெல்லாரி, கர்நூல், கடப்பை, சேலம், கோயம்புத்தூர் பக்கங்கள் மிக மோசமாக அடிபட்டன. அன்றைய தென் ஆற்காடு மாவட்டத்தில் இருந்த மரக்காணம் அந்த வரிசையின் உச்சியில் இல்லை. ஆனால் பஞ்சத்தை எப்படி அளப்பது என்ற வாதம் முழு மாகாணத்துக்கும் பொதுவாக இருந்தது. 1877 ஜனவரியில் வைஸ்ராய் லிட்டனின் பிரதிநிதியாக சர் ரிச்சர்ட் டெம்பிள் சென்னைக்கு வந்தார். மூன்று ஆண்டுகளுக்கு முன் வங்காள, பீகார்ப் பஞ்சத்தில் தாராளமாகச் செலவு செய்து உயிர்களைக் காத்தவர் அவர். அதற்காகவே கடும் கண்டனத்துக்கும் ஆளானவர். சென்னைக்கு வரும்போது கையை இறுக்கிக்கொண்டு வந்தார். நிவாரண வேலையில் நாள் முழுக்க மண் வெட்டும் ஆணுக்கு ஒரு பவுண்டு தானியம், கூட ஒரு அணா. பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் அதைவிடக் குறைவு. வரலாற்றில் 'டெம்பிள் கூலி' என்று பெயர் பெற்றது இது. ஒரு பவுண்டு என்பது சுமார் 450 கிராம்.

மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த டாக்டர் டபிள்யூ. ஆர். கார்னிஷ் இதை எதிர்த்தார். உழைக்கும் உடலுக்குக் குறைந்தது ஒன்றரைப் பவுண்டு தானியம் வேண்டும், அதோடு பருப்பும் காய்கறியும் வேண்டும் என்பது அவர் வாதம். இங்கே கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அளவு போதாது என்பதோடு அவர் நிற்கவில்லை. வெறும் அரிசி அளவில் எவ்வளவு இருந்தாலும் உடல் தேய்மானத்தை ஈடுகட்டாது என்றார். இன்று நம் கையில் இருக்கும் உணவு அட்டவணைகளை வைத்து இதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 450 கிராம் அரிசியில் ஏறத்தாழ 1,600 கலோரி இருக்கும். புரதம் சுமார் 31 கிராம்தான் தேறும். 1877 மார்ச்சில் சென்னை அரசு பாதி வழி இறங்கி வந்து, தானியத்தை ஒன்றே கால் பவுண்டு ஆக்கி, ஒன்றரை அவுன்ஸ் பருப்பு சேர்த்தது. ஒன்றரை அவுன்ஸ் என்பது 42 கிராம், ஒரு கைப்பிடி. அந்தக் கைப்பிடிப் பருப்பும் கூடுதல் அரிசியும் சேர்ந்து புரதத்தை 31 கிராமிலிருந்து ஐம்பதுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்விடுகின்றன. எடைத் தட்டில் பருப்பு பெரிதாகத் தெரியாது. உடலுக்குத் தெரியும். டெம்பிள் பார்த்தது தட்டை. கார்னிஷ் பார்த்தது உடலை.

இந்த இடத்தில் உப்பைப் பேசாமல் நகர முடியாது. சென்னை மாகாணத்தில் 1805 முதல் உப்பு அரசின் ஏகபோகம். உவர் மண்ணைச் சுரண்டிக் காய்ச்சுவதுகூடக் குற்றம். பஞ்சம் முழுதும் ஓயும் முன்பே, 1877-78இல், இம்மாகாணத்தின் உப்பு வரி மணங்குக்கு 1 ரூபாய் 13 அணாவிலிருந்து 2 ரூபாய் 8 அணாவாக உயர்த்தப்பட்டது. மணங்கு என்பது 37 கிலோவுக்குச் சற்று மேல். அப்படியானால் ஒரு கிலோ உப்பின் மேல் வரி மட்டும் ஒரு அணாவைத் தாண்டுகிறது. டெம்பிள் கூலியில் காசாகக் கிடைத்தது நாளுக்கு ஒரு அணா என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு ஆண்டுக்கு இருபத்தைந்து கிலோ உப்பு வேண்டுமென்றால், வரியே ஒரு மாதக் காசுக் கூலிக்கு நெருங்கிவிடும். உப்புக்கும் முடிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். நேரடியாக எதுவும் இல்லை. உப்பு கூடினாலோ குறைந்தாலோ முடி வளராது, கொட்டாது. சம்பந்தம் மீன் வழியாக வருகிறது.

மீன் பிடித்த அன்றே விற்காவிட்டால் கெட்டுப்போகும். உப்பு போட்டுக் காயவைத்தால் கருவாடாகி, கடலுக்குப் போக முடியாத மழைக்காலம் வரைக்கும் நிற்கும். மாட்டுவண்டி ஏறி உள்நாட்டுக்கும் போகும். உப்பளமும் மீன்பிடித் துறையும் பக்கம் பக்கமாக இருக்கும் மரக்காணம் போன்ற கரையில், ஏழைகளுக்கு எட்டக்கூடிய புரதக் கிடங்கு என்று ஒன்று இருந்தது என்றால் அது கருவாடுதான். உலர்ந்த நெத்திலியின் எடையில் பாதிக்கு மேல் புரதம். உப்பின் விலை ஏறினால் மீனவர் உப்பைக் குறைப்பார், அல்லது உவர் மண்ணைப் பூசுவார், அல்லது மீனை அழுக விடுவார். சென்னை மருத்துவப் பணியில் இருந்து, இந்திய மீன்களைப் பற்றிப் பெருநூல் எழுதிய பிரான்சிஸ் டே 1870களிலேயே இதைச் சுட்டிக்காட்டினார்: உப்பு வரி மீன் பதனிடும் தொழிலைக் குலைக்கிறது என்றார். அதன் பின்னர்தான் கரையோரங்களில் வரியில்லா உப்பு தரும் மீன் பதன முற்றங்கள் உப்புத் துறையின் கீழ் வந்தன. தட்டில் அரிசியை மட்டும் அளந்த அதே அரசு, அரிசியோடு சேர வேண்டிய மீனுக்கும் பூட்டு போட்டிருந்தது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் அன்றைய பட்டினி எதனால் ஆனது என்பது முழுதாகத் தெரியும்.

இந்த உறவு எவ்வளவு பழையது என்பதற்குச் சிறுபாணாற்றுப்படையே சாட்சி. ஓய்மா நாட்டு நல்லியக்கோடனைப் பாடும் அந்த நூலில் வரும் எயிற்பட்டினம் இன்றைய மரக்காணம் என்றே அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். அதில் ஒரு பாணன் வீட்டு வறுமை வருகிறது. அடுப்பங்கரையில் குட்டி ஈன்ற நாய் குரைக்கிறது; வீட்டுக்காரி குப்பையில் முளைத்த வேளைக் கீரையைக் கிள்ளி வந்து, உப்புகூட இல்லாமல் வேகவைத்து, அக்கம் பக்கத்தார் பார்த்துவிடக் கூடாது என்று கதவைச் சாத்திவிட்டுச் சுற்றத்தோடு தின்கிறாள். அதே பாணர் கூட்டம் எயிற்பட்டினத்துக்கு வந்தால் பரதவர் கள்ளும், சுட்ட குழல்மீன் கருவாடும் கொடுப்பார்கள் என்று அந்த நூல் ஆற்றுப்படுத்துகிறது. உப்பில்லாக் கீரை ஒரு பக்கம், உப்பிட்ட மீன் ஒரு பக்கம். பசிக்கும் பசி தீர்வதற்கும் நடுவே இந்தக் கரை நிற்கிறது. கதவைச் சாத்திய அந்தப் பெண்ணின் நாணத்துக்குப் பிறகு திரும்பி வருகிறேன்.

பஞ்ச காலத்து ஆவணங்களில் முடி ஏன் கணக்கில் வருவதில்லை என்று ஒருவர் கேட்கலாம். பஞ்சத்தில் அவ்வளவு முடி கொட்டியிருந்தால் யாரேனும் எண்ணியிருக்க மாட்டார்களா? இந்தக் கேள்விக்கு மூன்று மாத இடைவெளியே பதில். நிவாரண முகாம் எண்ணியது வந்தவர்களை, உழைத்தவர்களை, செத்தவர்களை. பட்டினியின் உச்சத்தில் இறந்தவருக்கு முடி விழ நேரமில்லை. பிழைத்தவருக்கு முடி விழும்போது அவர் முகாமைவிட்டு ஊர் திரும்பியிருப்பார். எந்தப் பதிவேடும் அவரைப் பின்தொடரவில்லை. பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் மட்டும் ஐம்பத்தைந்து லட்சம் பேர் இறந்தார்கள் என்று மதிப்பிடப்படும் ஒரு பேரழிவில், பிழைத்தவர்களின் தலைமுடி யாருக்கும் செய்தியாக இருந்திருக்க முடியாது, அதில் தவறும் இல்லை. ஆனால் நம் மொழி அதைக் குறித்துவைத்திருக்கிறது. செம்பட்டை, பரட்டை என்ற சொற்களை நாம் வெறும் நிறமாகவும் கோலமாகவும் சொல்வதில்லை. ஊட்டமில்லாத உடம்பு என்ற பொருளும் அவற்றில் ஏறியிருக்கிறது. புரதம் குறைந்த குழந்தைகளின் முடி வெளுத்துச் சிவப்பதையும், பட்டினியும் சாப்பாடும் மாறி மாறி வந்தால் ஒரே முடியில் வெளுப்பும் கறுப்பும் பட்டை பட்டையாகத் தெரிவதையும் இருபதாம் நூற்றாண்டு மருத்துவம் விரிவாக எழுதியது. முடி உடலின் நாட்குறிப்பு. அதை வாசிக்கத் தெரிய வேண்டும்.

அந்த வாசிப்பை ஆய்வுக்கூடத்துக்குள் கொண்டுவந்தது அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகம். இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில், ஏன்செல் கீஸ் என்ற உடலியல் அறிஞர், போருக்குப் போக மறுத்த 36 இளைஞர்களை அவர்கள் சம்மதத்தோடு ஆறு மாதம் அரைப்பட்டினியில் வைத்தார். தந்த உணவு நாளுக்குச் சுமார் 1,570 கலோரி. டெம்பிளின் ஒரு பவுண்டு அரிசியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஏறக்குறைய அதே அளவு. உடல் எடையில் கால் பங்கு போயிற்று. அவர்களுக்கு முடி மெலிந்து உதிர்ந்தது, உடல் குளிர்ந்தது, மனம் சோர்ந்தது. எல்லாம் 1950இல் இரண்டு பெரிய தொகுதிகளாக வெளிவந்தது. எனக்கு வியப்பாக இருப்பது அடுத்து நடந்தது. அதே பல்கலைக்கழகத்தில்தான் 1953இல் ரிச்சர்ட் வார்கோவும், 1954இல் கிரெமனும் லின்னரும், சிறுகுடலின் பெரும்பகுதியை உணவு தொடாமல் தாண்டிப் போகும்படி இணைத்து, எடைக் குறைப்பு அறுவையின் முதல் அடியை எடுத்துவைத்தார்கள். அந்த முறை எடையை நன்றாகவே குறைத்தது; சத்துக் குறைவும் ஈரல் கேடும் தாங்க முடியாமல் பின்னாளில் கைவிடப்பட்டது. 1966இல் இரைப்பையைச் சிறிதாக்கும் பைபாஸ் முறையை அயோவாவில் தொடங்கிய எட்வர்ட் மேசனும் மினசோட்டாவில் பயின்றவர். பட்டினியை அளந்த இடமும் பட்டினியைச் சிகிச்சையாக்கிய இடமும் ஒன்று. அளந்தவர்கள் எழுதிவைத்ததை அறுத்தவர்கள் எவ்வளவு தூரம் மனதில் கொண்டார்கள் என்பதில்தான் நோயாளியின் தலைமுடி இருக்கிறது.

இங்கே ஒரு கடுமையான ஆட்சேபம் எழும். பஞ்சத்தில் மண் வெட்டியவரையும், தானே விரும்பி அறுவைக்குப் போனவரையும் ஒரே மூச்சில் பேசலாமா? ஒன்று அரசு இழைத்த கொடுமை, இன்னொன்று ஒருவர் தன் நலத்துக்காக எடுத்த முடிவு. இந்த ஆட்சேபம் நியாயமானது, அறம் என்ற தளத்தில் அதை நான் முழுதும் ஏற்கிறேன். கால்வாய்க் கரையில் இறந்தவர்களின் துயரத்தை வேறெதற்கும் உவமையாக்கக் கூடாது. கட்டுப்படாத சர்க்கரையும் மூச்சுத் திணறலும் மூட்டு வலியுமாகத் தவித்தவர்களுக்கு இந்த அறுவை உயிர் நீட்டியிருக்கிறது என்பதும் உண்மை. ஆனால் மயிர்க்காலுக்கு அறம் தெரியாது. வரவு குறைந்தது, எது இல்லாமல் சமாளிக்கலாம் என்று உடல் கணக்குப் பார்க்கும்போது, இதயத்தையும் மூளையையும் ஈரலையும் காத்துவிட்டு முடியைக் கைவிடுகிறது. அறுவைக்குப் பிறகு முதல் மாதங்களில் ஒருவர் நாளுக்கு ஆயிரம் கலோரியைத் தொடுவதே அரிது. தூக்கத்தில் இருக்கும் பட்டினி விதிகளை அது எழுப்பிவிடுகிறது. உலகளாவிய ஆய்வுகளைச் சேர்த்து 2021இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, அறுவை செய்துகொண்டவர்களில் நூற்றுக்கு 57 பேருக்கு முடி உதிர்கிறது என்று கண்டது. இளம் பெண்களுக்கும், துத்தநாகமும் ஃபோலிக் அமிலமும் உடலின் இரும்புச் சேமிப்பான ஃபெரிட்டினும் குறைந்தவர்களுக்கும் அது கூடுதல் என்றும் கண்டது.

அதே பிழைதான் இது என்று நான் சொன்னதன் பொருள் இங்கே தெளிவாகும். டெம்பிள் தானியத்தின் எடையைப் பார்த்தார், அதனுள் இருந்ததைப் பார்க்கவில்லை. இன்று நாம் உடலின் எடையைப் பார்க்கிறோம். வாரத்துக்கு எத்தனை கிலோ இறங்கியது என்பதே வீட்டிலும் உறவிலும் கேள்வி. இறங்கியது கொழுப்பா தசையா, வயிற்றுக்குள் போனது கஞ்சித் தண்ணியா முட்டையா என்று யாரும் கேட்பதில்லை. இதில் தமிழ்நாட்டுக்கு என்று ஒரு தனி ஆபத்து உண்டு. 2019-21இல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசிய குடும்பநல ஆய்வின்படி இங்கே பெண்களில் 40 சதவீதத்துக்குச் சற்று மேல் கூடுதல் எடையோடு இருக்கிறார்கள். அதே ஆய்வில் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. இந்த இரண்டு எண்களும் தனித்தனிப் பெண்களைப் பற்றியவை அல்ல, நிச்சயம் பலரிடத்தில் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன. அரிசியும் எண்ணெயும் சர்க்கரையும் மலிவாகவும், பருப்பும் முட்டையும் மீனும் விலையேறியும் இருக்கும் சமையலறையில் ஒருவர் பருமனாகவும் சத்துக் குறைந்தவராகவும் ஒரே நேரத்தில் இருக்க முடியும். அப்படிப்பட்டவர், ஏற்கெனவே வெறுமையான இரும்புக் கிடங்கோடு மேசையில் படுக்கிறார். பைபாஸ் முறையில் இரும்பு அதிகம் உறிஞ்சப்படும் முன்சிறுகுடலே ஒதுக்கப்படுகிறது. பிறகு முடி கொட்டினால் அதில் வியப்பில்லை.

இன்னொரு ஆட்சேபம் பெரும்பாலும் அன்போடு சொல்லப்படுவது. 'உயிர் பிழைத்தாயிற்று, சர்க்கரை இறங்கியாயிற்று, முடிதானே, போனால் போகட்டும்.' சொல்பவர் ஆறுதலாகத்தான் சொல்கிறார். கேட்பவர் கதவைச் சாத்திக்கொள்கிறார். சிறுபாணாற்றுப்படைப் பெண் பசியைவிடப் பசி தெரிந்துவிடுவதற்கு அதிகம் அஞ்சினாள். முடி மெலிந்தவரும் உச்சியை மறைக்கத் துப்பட்டாவை இழுத்துவிடுகிறார், கல்யாண வீட்டுக்குப் போவதைத் தவிர்க்கிறார். அதைவிட மோசமானது, பயந்துபோய் வாங்கிய மாத்திரைகளை மருத்துவரிடம் சொல்லாமல் விழுங்குகிறார். முடி உதிர்வு அழகு பற்றிய விஷயம் மட்டும் என்று தள்ளிவிட்டால், அது சொல்ல வந்த செய்தியும் தள்ளப்படுகிறது. மூன்றாம் மாதம் தொடங்கி ஆறாம் மாதத்துக்குள் தணியும் உதிர்வு பெரும்பாலும் தானே சரியாகும். ஆறு மாதம் தாண்டியும் நிற்காத உதிர்வு, அல்லது ஓராண்டுக்குப் பின் புதிதாகத் தொடங்கும் உதிர்வு, இரும்போ துத்தநாகமோ பி12ஓ தைராய்டோ சரியில்லை என்பதன் முன்னறிவிப்பாக இருக்கலாம். இரத்தப் பரிசோதனை வேண்டும். முடி போனால் போகட்டும் என்று விட்டவர், இரத்தசோகையையும் சேர்த்தே விட்டவர் ஆகிறார்.

சமாளிப்பது எப்படி என்பதில் சந்தையின் குரல்தான் உரக்கக் கேட்கிறது. எண்ணெய்கள் முடியைப் பளபளப்பாக்கும், ஒடிவதைக் குறைக்கும். ஓய்வுக்குப் போன முடியைத் திரும்ப அழைக்காது. பயோட்டின் மாத்திரை மூலைக்கு மூலை விற்கிறது. பயோட்டின் குறைபாடு உள்ளவருக்கு அது உதவும். மற்றவருக்கு முடி வளர்த்ததற்கு வலுவான சான்று இல்லை. அதோடு அதிக அளவில் எடுத்தால் தைராய்டு, இதயப் பரிசோதனைகளின் முடிவையே பிழையாகக் காட்டக்கூடும் என்று அமெரிக்க மருந்துத் துறை 2017இல் எச்சரித்தது. துத்தநாகத்தைக் கண்டபடி விழுங்கினால் செம்புச் சத்து குறைந்து வேறு சிக்கல் வரும். வைட்டமின் ஏ கூடினாலும் முடி கொட்டும். ஆகவே குறைவைச் சோதித்து, குறைந்ததை மட்டும், மருத்துவர் சொன்ன அளவில் நிரப்புவதே வழி. புரதம் மட்டும் இதற்கு விலக்கு. அதை எல்லோரும் கவனிக்க வேண்டும். அறுவைக்குப் பின் நாளுக்குக் குறைந்தது 60 கிராம் என்பது பொதுவாகத் தரப்படும் அளவு. டெம்பிளின் கூலியில் இருந்ததைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு, அதுவும் கைக்குழந்தை சாப்பிடும் அளவே கொள்ளும் வயிற்றுக்குள். ரசமும் கஞ்சியும் குடித்து அதை எட்ட முடியாது. ஒரு முட்டையில் ஆறு கிராம், ஒரு டம்ளர் பாலில் ஆறேழு கிராம். ஒவ்வொரு வேளையும் தட்டில் புரதத்தை முதலில் உண்டு, இடமிருந்தால் மற்றதை உண்பது என்ற ஒழுங்கு இந்தக் கணக்கிலிருந்துதான் வருகிறது.

மொட்டையைப் பற்றியும் சொல்ல வேண்டும். மரக்காணம் இருக்கும் விழுப்புரம் மாவட்டத்திலேயே மேல்மலையனூர் அங்காளம்மனுக்கு ஆணும் பெண்ணும் முடி காணிக்கை தருகிறார்கள். மழித்தால் அடர்த்தியாக வளரும் என்ற நம்பிக்கைக்கு ஆதாரமில்லை. கத்தி தோலுக்கு மேலே வேலை செய்கிறது, வளர்ச்சி தோலுக்குக் கீழே நடக்கிறது. மழித்த முடி நுனி மழுங்கி முளைப்பதால் தடிமனாகத் தோன்றுகிறது. ஆனாலும் முடியில்லாத தலையை நோயாகவும் அவமானமாகவும் பார்க்காமல், வேண்டுதலாகப் பார்க்கும் ஒரு வழக்கம் நம்மிடம் இருப்பது பெரிய விஷயம். ஒரு பெண் மொட்டைத் தலையோடு பேருந்தில் ஏறினால், எந்தக் கோயிலுக்கு என்றுதான் கேட்பார்கள். உதிரும் முடியை நாள்தோறும் எண்ணி வாடுவதைவிட ஒரேயடியாகக் கொடுத்துவிட்டு, முளைப்பதைப் பார்க்கலாம் என்று ஒருவர் முடிவெடுத்தால் அதை மூடநம்பிக்கை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. முடி மாதம் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கே வளரும்; ஓராண்டு பொறுக்க வேண்டும். பொறுக்க ஒரு காரணம் கிடைப்பது சிறிய உதவி அல்ல. அந்தக் காணிக்கையைப் பருப்புக்கும் முட்டைக்கும் ஈடாக்கிவிடாமல் இருந்தால் சரி.

தையில் பாத்தியைச் செப்பம் செய்து, உப்புநீர் பாய்ச்சி, கோடையில் வாரி, சும்மாட்டின் மேல் கூடை ஏற்றிப் பெண்கள் வரப்பில் நடக்கும் உப்பு இன்றும் மரக்காணத்துச் சாலையோரங்களில் வெள்ளைக் குவியலாக ஏறுகிறது. வரி 1947இல் போயிற்று. கருவாட்டுக்கு உப்பு இப்போது மலிவு. எடைக் குறைப்பு அறுவை செய்துகொண்டு, கெட்டியான உணவுக்குத் திரும்பிய ஒருவருக்கு இந்தக் கரையின் நெத்திலிக் கருவாடு நல்ல புரதம். அவருக்கு இரத்த அழுத்தமும் இருந்தால் அதன் உப்புதான் தடை. தலையைக் கிள்ளி, வெந்நீரில் கால் மணி நேரம் ஊறவிட்டு, தண்ணீரை மாற்றி மாற்றி மூன்று முறை அலச வேண்டும். கடைசித் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்து, கரிப்பு போனதும் கத்தரிக்காயோடு மெத்தென்று வேகவைத்து, மையாக மென்று விழுங்கும்படி எடுத்துவைக்கலாம். சிறு கிண்ணத்தில் ஒரு கைப்பிடி போதும்.